உருளைக்கிழங்கு போடாத வருஷம்

பிப்ரவரி 2

நாத்தனாருக்கு,

மூன்று வருஷமாக நான் உனக்கு எழுதியது வருஷத்துக்கு ஒரு வரிதான். "ஒப்பந்தத் தாள் இத்துடன் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு ஆலையில் கொடுத்துவிடு." நீயும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவாய். இந்த வருஷமும் தாள் இதற்குள் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடாதே என்று கேட்கத்தான் எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் குரல் ஏறிவிடும். காகிதம் என்றால் தப்பாக வந்ததை அடித்துவிட்டு எழுதலாம். இதற்குள் நாலு இடம் அடித்தாகிவிட்டது.

போன மாதம் பெய்த மழையில் ஆற்றுப் பாலம் உட்கார்ந்துவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். பதினொரு நாள் ஊருக்குள் ஒரு வண்டி வரவில்லை. மூன்றாம் நாளே கடைக்காரர் பலகையைத் துடைத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொண்டார். வெங்காயம் இல்லை, தக்காளி இல்லை, ஒரு கட்டுக் கீரை இல்லை. இருந்தது உருளைக்கிழங்கு மட்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் அதுதானே. அதுவும் உங்கள் சிப்ஸ் ஆலை கொடுத்த விதை. வறுப்பதற்கென்றே வளர்த்த ஜாதி, வேகவைத்தால் மாவாக உதிர்கிறது. பள்ளிக்கூடச் சமையற்காரி, எல்லோரும் பெரிய கரண்டி என்று கூப்பிடுவோமே, அவள் இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குப் பதினொரு நாளும் அதையேதான் போட்டாள். ஒன்பதாம் நாள் ஒரு சின்னப் பெண் தட்டைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பசிக்கல" என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பெரிய கரண்டி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

பாலம் சரியான மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூடினோம். பதினேழு குடும்பம், மாட்டு டாக்டர், ஆஸ்பத்திரி நர்ஸ், கடைக்காரர். கடைக்காரர் சொன்னதுதான் எல்லோருக்கும் உறைத்தது. "நான் விக்கிற வெங்காயம் ஆறு மணி நேரம் வண்டியில வருது. நீங்க போடுற கிழங்கு ஆறு மணி நேரம் வண்டியில போகுது. நடு வழியில ரெண்டும் ஒன்ன ஒன்னு பாத்துச் சிரிச்சுக்கும்." 

பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும் இனிமேல் நம் மண்ணில் விளைவதைச் சாப்பிடட்டும் என்று பேசியிருக்கிறோம். மற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இந்த வருஷத்துக்கு ஆலையிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வீட்டை ஒட்டிய துண்டு இடங்கள்தான் அவர்களிடம் மிச்சம். நிலமாக மீதி இருப்பது நம்முடையது ஒன்றுதான். தண்ணீரும் இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தம் போட்டால் ஒரு மூலை விடாமல் கிழங்குதான் போட வேண்டும் என்பது உனக்கே தெரியும். நிலத்தில் பாதி உன் பெயரில் இருக்கிறது. நீ சம்மதிக்காமல் நான் ஒரு விதை ஊன்ற முடியாது.

நீ சோறு தின்பது அந்த ஆலையில். கேட்பது தப்பு என்று தெரிந்துதான் கேட்கிறேன். உன் அண்ணன் ஏற்றி வந்த லோடைத் திருப்பி அனுப்பியபோது நீ விதியைப் பார்த்தாய். இந்த ஒரு தடவை ஊரைப் பார்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் ஆலை முகவரிக்கு வந்தது. என் வீட்டு முகவரி உங்களிடம் கிடையாது என்பது உறையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த லோடைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டீர்கள். என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் சொல்லவில்லை.

மற்றதைப் பேசலாம். நான் இருபது வருஷமாகத் தரப் பிரிவில் நிற்கிறேன். எடைமேடைக்கு எதிரே ஒரு கண்ணாடி அறை, ஒரு நீள மேசை. வருகிற ஒவ்வொரு லோடிலும் கைவிட்டு எடுத்து, வெட்டிப் பார்த்து, வறுத்துப் பார்த்து, உள்ளே விடலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது நான். ஆகையால் நீங்கள் எழுதியதையும் அப்படித்தான் வெட்டிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளிக்கூடம் வருஷத்தில் இரண்டு மாதம் மூடிவிடும். அப்போது விளைவதை யார் சாப்பிடுவார்கள்? பதினேழு வீட்டிலும் துண்டு இடத்தில் தக்காளி போடுவீர்கள், ஒரே வாரத்தில் பழுக்கும். அதற்கு அடுத்த மாதம் ஒன்றும் இருக்காது. நோயாளிக்குக் கொடுக்கிற கீரையில் மண்ணோ மருந்தோ இருந்து அவருக்கு வயிற்றைப் பிடுங்கினால் எந்த வீட்டுக் கீரை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரு ஆலங்கட்டி மழை போதும், எல்லாம் போய்விடும், அன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன போடுவீர்கள்? எல்லாவற்றுக்கும் மேலே, கொண்டுவந்ததை நல்லது கெட்டது என்று யார் பார்ப்பது? சொந்தக்காரர் கூடையை ஒதுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் கையெழுத்துப் போடுவதாகத்தான் இருக்கிறேன். இருபத்தெட்டாம் தேதி கடைசி நாள். போடாவிட்டால் யார் நிலம் என்று ஒரு மணி நேரத்தில் இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த ஊரில் எனக்கென்று இருப்பது இந்த வேலை ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 17

நாத்தனாருக்கு,

ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துவிட்டேன். லோடு சமாச்சாரத்தையும் வேலை சமாச்சாரத்தையும் விட்டுவிட்டேன். கேள்விகளை மட்டும் வாசித்தேன்.

வாசித்து முடித்தேன். பிறகு பெரிய கரண்டி சொன்னாள், "சண்டைக்காரியா இருந்தாலும் வெவரமான ஆளு. எப்படியாவது நம்ம பக்கம் இழுங்க." நான் இழுக்கவில்லை. அவள் சொன்னதைச் சொன்னேன்.

அன்றைக்கு நாலு மணி நேரம் உன் கேள்விகளோடு மல்லுக்கட்டினோம். முதியோர் இல்லத்துக்கு விடுமுறை கிடையாது, அது நர்ஸ் சொன்னது. மாட்டு டாக்டர் பள்ளிக்கூடச் சுவர் நிறைய ஒரு தாள் ஒட்டிவிட்டார். எந்த வீடு எதை எந்த வாரம் விதைப்பது என்று அதில் இருக்கிறது. தக்காளி நாலு வீட்டுக்குத்தான். எனக்கும் வேண்டும் என்று ஐந்தாவது வீட்டுக்காரர் ஒருத்தர் இரண்டு நாளாக டாக்டரோடு பேசுவதில்லை, அவர் மாடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது. கூடைக்கு வீட்டு எண் எழுதிய அட்டை கட்டுவோம். பூசணியும் கிழங்கும் ஆறு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும், ஆலங்கட்டி வந்தால் அது. ஆமாம், கிழங்கையும் விடப்போவதில்லை. வெந்தால் உதிராத ஜாதியாகப் பார்த்து, ஒரு ஓரமாக.

உன் கடைசிக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. யார் பார்ப்பது என்று கேட்டதும் ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள்.

கையெழுத்துப் போடுவதானால் போடு. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்டதற்கு நன்றி. இங்கே நல்லது என்று சொன்னவர்கள் நிறைய, கேள்வி கேட்டவள் நீ ஒருத்திதான்.

அண்ணி


பிப்ரவரி 28

அண்ணிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். இன்று மதியம் கேன்டீனில் தட்டில் கேரட் இருந்தது. பரிமாறுகிறவரிடம், "இது எங்கேருந்து வருதுங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெட்டியிலேருந்து" என்றார். இருபது வருஷமாக அந்தத் தட்டில் சாப்பிடுகிறேன். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

ஐந்து மணிக்கு அலுவலகம் மூடினார்கள். தாள் என் மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது. மேலாளர் கேட்பதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

ஒரு வருஷம். விளையாட்டாகச் செய்யாதீர்கள்.

இனிமேல் கடிதத்தைத் தரப் பிரிவு என்று போடாமல் பாக்கெட் பிரிவு என்று போட்டு அனுப்புங்கள். அல்லது கீழே உள்ள வீட்டு முகவரிக்கு அனுப்பலாம்.

நாத்தனார்


மார்ச் 6

சின்னவளுக்கு,

உன் அண்ணன் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மாதிரி எழுதிவிட்டேன். பிடிக்காவிட்டால் சொல்.

பாக்கெட் பிரிவு என்றால் என்ன என்று கடைக்காரரிடம் கேட்டேன். பெல்ட்டில் ஓடி வருகிற பாக்கெட்டை எண்ணிப் பெட்டியில் போடுகிற இடம் என்றார். இருபது வருஷம் கண்ணாடி அறையில் நின்றவளை அங்கே போட்டிருக்கிறார்கள். நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. 

நேற்று உழுதோம். பதினேழு வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். முதல் சால் போடும்போது, உன் பாதி என்று உன் அண்ணன் சொல்லிவந்த பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.

அண்ணி


மே 30

சின்னவளுக்கு,

இரண்டு மாதமாக நல்ல சேதியாக எழுதி அனுப்பினேன். முளைத்தது, பூத்தது, பெரிய கரண்டி முதல் பீன்ஸை எடுத்து வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது எல்லாம் எழுதினேன். இது அப்படிப்பட்ட கடிதம் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு முதல் வண்டி போனது. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். சமையல் பொறுப்பாளர் ஒரு கூடையை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். கேரட்டில் மண். கீரையில் பாதி மஞ்சள். பீன்ஸ் ஒன்று விரல் நீளம், ஒன்று முழ நீளம். ஒரு கூடைக்கு அடியில் நசுங்கிய தக்காளியை மறைத்து வைத்திருந்தார்கள். "அம்மா, என்கிட்ட இருக்கறது ரெண்டு ஆளு. இதை ஆய்ஞ்சு முடிக்கறதுக்குள்ள நோயாளி வீட்டுக்குப் போயிருவாங்க. எடுத்துட்டுப் போங்க" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

ஊருக்கு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிட்டது. யார் கூடை, யார் கூடை என்று ஒரே கூச்சல். இரண்டு குடும்பம் அட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டுப் போய்விட்டது. நசுங்கிய தக்காளி எந்த எண் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

திரும்பி வரும்போது பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணனும் லோடோடு இதே சாலையில்தான் திரும்பி வந்தார். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் நாலு வருஷமாக வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். கூடப் பிறந்தவளா அவள் என்றெல்லாம் கேட்டேன். அவர் சொன்னார்: "நிறுத்து. அடியில இருந்தது அழுகல். எனக்கே தெரியும். தெரிஞ்சுதான் மேல நல்லதா போட்டு ஏத்தினேன். சின்னவ தோண்டிப் பாத்துட்டா. கண்ணாடிக்குப் பின்னால அவ முகத்தைப் பாத்தேன். என்னைவிட அவளுக்குத்தான் கஷ்டம். நீ ஒரு போன் போட்டுச் சொல்லு, அண்ணனுக்குக் கோவம் ஒன்னுமில்லேன்னு."

நான் போன் போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். எட்டு மாதத்தில் அவர் கண்ணை மூடிவிட்டார். நீ வந்து வாசலில் நின்றபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சொன்ன வார்த்தை உன்னுடையது. அதை உன்னிடம் கொடுக்காமல், உன் மேல் கோபப்படுவதற்கு வசதியாக நானே வைத்துக்கொண்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அண்ணி


ஜூன் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலை இடைவேளையில் படித்தேன். படித்துவிட்டு உள்ளே போக முடியவில்லை. பெட்டிகள் அடுக்குகிற மேடையில் உட்கார்ந்திருந்தேன். கூட வேலை பார்க்கிறவள் வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "எங்க அண்ணன் பேசியிருக்கார்" என்று சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உங்கள் மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். இரண்டு நாள் வந்தது. அண்ணன் என்னை வெறுத்துக்கொண்டே போய்விட்டார் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷமும் காலையில் எழுந்திருக்கிறேன். ஆனால் கோபம் முழுசாக நிற்கவும் மாட்டேன் என்கிறது. ஏனென்றால் நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

மற்ற லோடுகளில் நான் நடுவரைக்கும்தான் கை விடுவேன். அதற்கு மேல் பார்க்க நேரம் இருக்காது, எல்லோரும் அப்படித்தான். அன்றைக்கு அண்ணன் லோடு என்பதால் அடிவரைக்கும் தோண்டினேன். தெரிந்தவர் என்று விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லக்கூடாது அல்லவா. வேறு யாருடையதாக இருந்திருந்தாலும் அது உள்ளே போயிருக்கும். அழுகல் இருந்தது உண்மை. ஆனால் நான் தேடியது அழுகலை அல்ல, எனக்கு ஒரு நல்ல பெயரை. 

இது போதும். இனி வேலையைப் பேசுவோம்.

ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு ஒரே இடத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். முழ நீளப் பீன்ஸ் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், பெரிய கரண்டி எப்படியும் நறுக்கத்தான் போகிறாள். ஒரே அளவாக இருப்பது ஆஸ்பத்திரிக்கு. நசுங்கிய தக்காளியை அன்றைக்கே முதியோர் இல்லத்தில் சூப் வைத்துவிடலாம், ஆனால் நசுங்கியது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆலையில் நான் உள்ளே, வெளியே என்று இரண்டுதான் சொல்வேன். உங்களுக்கு அப்படி இரண்டு மட்டும் வேண்டியதில்லை.

நிழலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை போடச் சொல்லுங்கள். உயரம் முக்கியம், குனிந்து பார்க்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் கண் சலித்துவிடும். பக்கத்தில் தண்ணீர்க் குழாய். கீரையை விடியற்காலையில் அறுக்க வேண்டும், வெயில் ஏறிய பிறகு அறுத்தால் மஞ்சளாகத்தான் போகும். எனக்கு ஒரு வாரம் விடுப்பு பாக்கி இருக்கிறது. பதினாலாம் தேதி வருகிறேன். அதுவரை ஆஸ்பத்திரிக்கு எதையும் அனுப்பாதீர்கள்.

சின்னவள்


ஜூன் 29

சின்னவளுக்கு,

நீ பஸ் ஏறின பிறகு வீடு ஒரு மாதிரி இருக்கிறது. உன் செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். யாருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனாய் என்று தேடினால், என்னுடையதைக் காணோம்.

நீ என் பீன்ஸ் கூடையை ஒதுக்கி வைத்ததைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், "அண்ணி, முத்திருச்சு. விதைக்கு விட்டுருங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போது எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள், ஏதாவது நடக்கும் என்று. நான் கீரைப் பாத்திப் பக்கம் போய்விட்டேன். அதற்குப் பிறகு யார் கூடையை நீ ஒதுக்கினாலும் அவரவர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அட்டையை எறிந்துவிட்டுப் போன தக்காளிக்காரர் நேற்று வந்தார். "அண்ணி கூடையவே திருப்பிட்டாளாமே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சரி. எனக்கும் ஒரு அட்டை குடுங்க" என்றார். பழைய எண்ணையே கொடுத்தேன். நசுங்கினதைத் தனியாக ஒரு பாத்திரத்தில் வைத்து, அவரே வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

நீ சொல்லிக் கொடுத்த மூன்று பேரும் முறை வைத்து மேசையில் நிற்கிறார்கள். நர்ஸின் மாமியார்தான் உன்னைவிடக் கறார். ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை வண்டி போனது. பொறுப்பாளர் முதல் கூடையின் அடிவரைக்கும் கை விட்டுப் பார்த்தார். இரண்டாவது கூடையை நடுவோடு விட்டார். மூன்றாவதைப் பார்க்கவில்லை, நேராக உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். வெறும் கூடைகளோடு திரும்பி வந்தேன். சாலை முழுக்க வண்டி கடகடவென்று ஆடியது. அவ்வளவு இலேசாக அது ஓடி நான் பார்த்ததில்லை.

அண்ணி


அக்டோபர் 15

சின்னவளுக்கு,

இரண்டு மாத விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிறது. விடுமுறையில் பூசணி மிஞ்சிவிட்டது, நீ பயந்த மாதிரிதான். முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா, "இன்னொரு தடவை பூசணி வந்தா நான் வீட்டுக்குப் போயிருவேன்" என்று மிரட்டினாராம். அடுத்த வருஷம் பாதிதான் போடுவோம், டாக்டர் சுவர்த் தாளில் திருத்திவிட்டார். ஆகஸ்டில் ஒரு வாரம் வெங்காயம் பற்றாமல் கடைக்காரரிடம்தான் வாங்கினோம். அவர் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். காட்டிவிட்டு, அவர் கடை வாசலிலேயே நம் காய்க்கு ஒரு பலகை ஒதுக்கிவிட்டார்.

பிப்ரவரியில் எல்லோருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கிற காலம். ஒன்பது குடும்பம் பாதி நிலத்துக்குத்தான் கையெழுத்து என்று ஆலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒன்பது பேர் சேர்ந்து கேட்டதால் ஆலையும் சரி என்றுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நாலு பேர் வந்து மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். போகும்போது அதன் உயரத்தைக் கயிறு வைத்து அளந்துகொண்டார்கள். வருஷம் முழுக்க நின்று பார்க்கவும் சொல்லிக் கொடுக்கவும் ஒரு முழு நேர ஆள் வேண்டும், இரண்டு ஊரும் சேர்ந்து சம்பளம் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. யாரைக் கேட்கலாம் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன் வாழ்க்கையில் ஒரு தடவை கை வைத்தது போதும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். சேதியைச் சொன்னேன், அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நிலத்தை அளக்கிறவரை வரச் சொல்லியிருக்கிறேன், அடுத்த திங்கட்கிழமை. உன் பாதியை முறைப்படி அளந்து, கல் நட்டு, தனிப் பத்திரமாக உன் கையில் கொடுத்துவிட வேண்டும். இதுவரைக்கும் நீ என்னிடம் கேட்டு வாங்குகிற மாதிரியும், நான் உன்னிடம் கேட்டு வாங்குகிற மாதிரியும் இருந்துவிட்டது. உன்னுடையது உன்னிடம் இருக்கட்டும். உனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று எழுது. தண்ணீர் இருக்கிற பக்கம் என்றாலும் சரிதான்.

அண்ணி


அக்டோபர் 20

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு, கோடு எங்கே விழும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நேர் பாதி என்றால் அது கீரைப் பாத்தியை அறுத்துக்கொண்டு போய், பூசணிக் கொடியின் நடுவில் ஏறுகிறது. வேர் உங்கள் பக்கம், காய் என் பக்கம். பிறகு அந்தத் தாத்தா மிரட்டினால் நாம் இரண்டு பேரில் யார் போய்ச் சமாதானம் சொல்வது?

எனக்குக் கல் வேண்டாம். வேண்டாம் என்பது பெருந்தன்மைக்காக இல்லை. ஜூனில் அந்த ஒரு வாரம் மேசையில் நின்றபோது, இது என்னுடையது, இது உங்களுடையது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அப்படித் தோன்றாமல் இருந்தது எவ்வளவு சுகம் என்று இங்கே திரும்பி வந்து பெல்ட் முன்னால் நின்ற பிறகுதான் தெரிந்தது.

நேற்று மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷர்தான். "அங்க போய் என்ன பண்ணப்போறீங்க?" என்றார். "பாத்ததைச் சொல்லப்போறேன் சார், இங்க பண்ண மாதிரியேதான்" என்றேன். நவம்பர் கடைசி வரைக்கும் இங்கே இருக்க வேண்டும். சம்பளம் பற்றி இரண்டு ஊரும் பேசி முடிவு சொல்லட்டும், அவசரமில்லை. என் அறையைக் காலி செய்தால் மிஞ்சுவது இரண்டு பெட்டிதான். அண்ணன் விதை வைத்திருந்த அந்த மேற்கு அறையில் இப்போது விதை இல்லையென்றால் எனக்குக் கொடுங்கள். இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும், நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு வேலையை விடுகிறவள் பயப்படாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பெரிய கரண்டியிடம் இதை இப்போதே சொல்லாதீர்கள், ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்து ரகசியம் என்பாள்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் அளக்கிறவருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் அவர் கிளம்பி வந்துவிட்டால், வெறும் கையோடு திருப்பாதீர்கள். சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

சின்னவள்